புள்ளி நின்ற மதியம்

நூம்பலில் அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கிறது. நீள்சதுரமானது. இரண்டு பக்கமும் கிளிப், மூடியின் மேல் மடக்குக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் ஒரு முழ வெள்ளைக் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றின் மறுமுனையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வளையம். உப்புத் தண்ணீர் ஊறிக் காய்ந்த கயிறு. எத்தனை முறை கழுவியும் அதன் விறைப்பு போகவில்லை. அக்கா பாத்திரங்கள் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்காதவள். விளிம்பு நசுங்கிய எதுவும் அவள் வீட்டில் அடுத்த மாதம் இருக்காது. இந்த டப்பாவை மட்டும் கயிற்றோடு கழுவுகிறாள், கயிற்றோடு துடைக்கிறாள், கயிற்றைச் சுருட்டி மூடிமேல் வைத்து அலமாரியில் ஏற்றுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், "இதென்ன, கன்னுக்குட்டிக்குக் கட்டின மாதிரி?" என்று கேட்டால், "அது கடலுக்குப் போய்ட்டு வந்த டப்பா" என்று மட்டும் சொல்வாள். மிச்சத்தைச் சொல்கிற வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்.

அப்போது அக்கா ஆவடியில் இருந்தாள். பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில், ஆய்வுப் பிரிவில் வேலை. செய்து முடித்த பாகங்கள் அவள் மேசைக்கு வரும். அளவு பார்ப்பாள். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புவாள். அந்தப் பழக்கம் அவளோடு தினமும் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, குவார்ட்டர்ஸ் படியேறி, வீட்டுக்குள்ளும் வந்துவிடும். கத்தரிக்காய், அத்தான் சுவரில் அடித்த ஆணி, மகளின் பரீட்சைக் கட்டுரை என எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே தீர்ப்புதான்: "ரிஜெக்ட்." நான் மேனாம்பேட்டில் குடியிருந்து, ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வார விடுமுறை வார நாளில்தான் வரும். அன்று மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். சாப்பாட்டோடு, அன்றைய பேப்பரில் நான் போட்ட தலைப்புகளில் எவை ரிஜெக்ட் என்ற தகவலும் கிடைக்கும்.

அக்கா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற வண்டியில் யாரும் சாப்பிடக் கூடாது. அதற்குக் காரணம் நான்தான். சின்ன வயதில் மின்ரயிலில் போகும்போது, வேகவைத்த வேர்க்கடலை ஒன்று என் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியதும் மூச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சங்கிலியைத் தேடிக்கொண்டிருக்க, பாவாடை சட்டையில் இருந்த அக்கா என்னைக் குப்புறச் சாய்த்து முதுகில் அறைந்தாள். கடலை வெளியே வந்து விழுந்தது. அன்று போட்ட சட்டம் அவள் கல்யாணமாகி, மகள் பிறந்து வளர்ந்த பிறகும் அமலில் இருந்தது. ரயிலில் போனால், அண்ணனூரில் வண்டி நிற்கும்போது முறுக்கில் ஒரு கடி. வண்டி நகர்ந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்த கடி திருமுல்லைவாயலில். அதற்கடுத்தது அம்பத்தூரில். அக்கா மகள் சென்ட்ரல் போய்ச் சேரும்போதும் கையில் அரை முறுக்கு மிச்சம் இருக்கும். நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். யாரும் மீறியதில்லை.

அந்த மகள் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடைக்கு ஆசைப்பட்டுச் சேர்ந்திருப்பாள், சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தோம். கோடை விடுமுறையில் ஒரு நாள், சென்னையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் பாய்மரப் படகில் போகிறோம் என்று வந்து நின்றாள். மோட்டார் கிடையாது. காற்றுதான். இரவில் கரையோர ஊர்களில் தங்கல். அத்தான் மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார். அக்கா சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எனக்குப் போன் செய்தாள். "இவ என்னென்னவோ வார்த்தை சொல்றாடா. போர்ட்டுங்கறா, டேக்குங்கறா. ஒண்ணும் புரியல. புரியாத ஒண்ணை நான் எப்படி பாஸ் பண்றது? நீ தெரிஞ்சுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு."

நானும் கடலை மெரினாவில் மணலில் நின்று பார்த்தவன்தான். தெரியாத துறையைப் பற்றி மாலைக்குள் தெரிந்தவன்போல் எழுதுவது எங்கள் வேலையில் வழக்கம் என்பதால் ஒத்துக்கொண்டேன். படித்துப் பார்த்து, அடுத்த விடுமுறையில் போய் உட்கார்ந்தேன். எளிதானதில் தொடங்கினேன். படகின் இடது பக்கம் போர்ட், வலது பக்கம் ஸ்டார்போர்ட். அக்கா புளி கரைப்பதை நிறுத்தினாள். "யாருக்கு இடது? படகுல எதிரெதிரா உக்காந்திருந்தா உன் இடது என் வலது இல்லையா? ரிஜெக்ட்." அந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் தனிப்பெயரே வைத்தார்கள். படகின் முன்முனைக்கு அணியம் என்று பெயர். அணியத்தைப் பார்த்து நிற்கிறவரின் இடது போர்ட். ஆள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அது மாறாது. ரயிலில் எஞ்சின் பக்கம் என்கிற மாதிரி என்று நான் சேர்த்ததும் அதற்கும் ஒரு ரிஜெக்ட் விழுந்தது. மின்ரயிலுக்கு இரண்டு பக்கமும் முகம் உண்டு. படகுக்கு ஒரே முகம்தான் என்று அவளே திருத்திக்கொண்டாள்.

காற்று வருகிற பக்கம் விண்ட்வார்ட், காற்று போகிற பக்கம் லீவார்ட். இது அவளுக்குச் சட்டென்று விளங்கியது. குவார்ட்டர்ஸில் மேல்வீட்டுக்காரர்கள் உலர்த்துகிற துண்டு அக்கா வீட்டுப் பால்கனியில்தான் வந்து விழும். "அப்ப அவங்க விண்ட்வார்ட், நாம எப்பவும் லீவார்டா?" என்று கேட்டாள். எப்பவும் இல்லை, காற்று திசை மாறினால் அந்தத் துண்டு மறுபக்கத்து வீட்டில் விழும், அப்போது அவர்கள்தான் லீவார்ட் என்றேன். போர்ட் படகோடு ஒட்டியது, லீவார்ட் காற்றோடு ஒட்டியது. ஷீட் என்பது பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு என்றபோது, கயிற்றுக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று கோபித்துக்கொண்டாள். ரீஃப் என்றால், காற்று மிஞ்சும்போது பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டிப் பரப்பைக் குறைப்பது. தண்ணீரில் இறங்குமுன் புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்வதுபோல என்று அவளே ஒப்பிட்டுக்கொண்டாள்.

சுக்கானைத் திருப்புகிற கைப்பிடிக்கு டில்லர் என்று பெயர். அதை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். இதைச் சொன்னபோது உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் வெளியே வந்து, பயிற்சியில் அவர்கள் கும்பல் முழுவதும் செய்த தப்பு இதுதான் என்றாள். எல்லோரும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள். போக வேண்டிய பக்கத்துக்கே கையைத் திருப்பி, படகை மறுபக்கம் கொண்டுபோய்க் கரையில் முட்டியிருக்கிறார்கள். கை பழக வேண்டும் என்று அவள் வீட்டில் துடைப்பக் கட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்துப் பழகினாள். பழக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஸ்கூட்டரில் பால் வாங்கப் போனவள், கேட்டுக்குள் திரும்புகிற இடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பி, எதிர்வீட்டு ரோஜாத் தொட்டியை உடைத்துவிட்டு வந்தாள்.

டேக்கில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது. காற்றைச் சாய்வாக வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் கொஞ்ச தூரம் போகும். பிறகு அணியத்தைக் காற்றின் குறுக்கே திருப்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் போகும். அந்தத் திருப்பல்தான் டேக். இப்படி மாறி மாறிப் போய்த்தான் காற்று வருகிற திசையில் இருக்கும் ஊரைச் சேர முடியும். தட்டில் சோற்றை ஒதுக்கி, குழம்பால் கோடு போட்டுக் காட்டினேன். "எதிர்த்து வர்ற காத்தே எப்படிடா முன்னால தள்ளும்? பொய் சொல்ற" என்று எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து அம்பத்தூர் பக்கம் வந்துகொண்டிருந்தோம். மேம்பாலத்தில் எங்களுக்கு முன்னால் மோட்டார் இல்லாத, மிதித்து ஓட்டுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. இரும்புக் கம்பி ஏற்றியிருந்தது. ஓட்டுகிறவர் நின்றுகொண்டே மிதித்து, சாலையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குக் கோணலாகப் போனார். அங்கிருந்து திரும்பி மறுபடி இந்த விளிம்பு. அக்கா எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அவர் அந்தப் பக்கமே வந்தார். ஹாரனை அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணே, நேரா போக மாட்டீங்களா?" என்று கத்தினாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேரா போனா பின்னால உன் மேல தான்க்கா வந்து வுழுவேன். நீ வண்டில கீற, முறுக்குனா ஏறிடும். எனுக்குக் காலு தான் இஞ்சினு. வளைஞ்சு வளைஞ்சு தான் போவணும். அவசரம்னா எறங்கி வந்து தள்ளு."

நான் இறங்கித் தள்ளினேன். பாலத்தின் உச்சியில் அவர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாங்க்ஸ் நைனா" என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் பறந்துவிட்டார். அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர் ஏறி வந்த வழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதானடா டேக்கு? இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல, குழம்பை வீணாக்காம" என்றாள். அன்றைக்குத்தான் மகளிடம், போய்ட்டு வா என்றாள். இன்னும் நிறைய வார்த்தைகள் இருக்கின்றன என்றேன். மீதி எதுவும் வேண்டாம், எது தெரியாவிட்டால் பயம் வருமோ அது தெரிந்துவிட்டது என்றாள். அது அப்படியில்லை என்று இருவருக்கும் அப்போது தெரியாது.

படகு கிளம்பிய நாள் என் விடுமுறை நாளாக அமைந்தது. விடிகாலையில் மகளைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அத்தான் அங்கிருந்தே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த தன் கம்பெனிக்குப் போய்விட்டார். முதல் நாள் மதியத்துக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அக்கா டிபன் பாக்ஸ் நிறையப் புளிசாதம் அடைத்து, மேலே ஓர் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக் கொடுத்திருந்தாள். பயிற்சியாளர் ஏற்பாடு ஒன்று செய்திருந்தார். தண்ணீர் புகாத உறையில் ஒரு போனைப் போட்டுப் பாய்மரத்தில் கட்டிவிடுவது. அது படகின் இருப்பிடத்தைப் பெற்றோர் குழுவுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். படகு ஓடும்போது அதை யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள், சாயங்காலம் கோவளத்தில் கரை ஏறியதும் பிள்ளைகள் பேசுவார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார். துணைக்கு ஒரு மோட்டார் படகும் போனது. அதற்கு எங்கள் வரைபடத்தில் புள்ளி இல்லை.

நீலப் பரப்பில் ஒரு சின்னப் புள்ளி. அக்கா லீவு போட்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கரையிலிருந்து காற்று வீசிய வரைக்கும் புள்ளி கோடு போட்டமாதிரி தெற்கே போனது. வெயில் ஏறி, தெற்கிலிருந்து கடற்காற்று கிளம்பியதும் புள்ளி ஆழ்கடல் பக்கம் திரும்பியது. உடனே குழுவில் கலவரம். மேனாம்பேட்டில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாவின் மகளும் அதே படகில் போயிருந்தாள். அவர் குரல் பதிவு அனுப்பினார். "யக்கா, இன்னாக்கா இது, பாண்டிக்குப் போறேன்னு சொல்லிட்டு அந்தமானுக்குப் போய்கினு கீறாங்க?" அக்கா நிதானமாகப் பதில் பதிவு செய்தாள். "பயப்படாதீங்க. இப்ப பாருங்க, திரும்பும். மேம்பாலம் ஏறுது." கொஞ்ச நேரத்தில் புள்ளி சொன்னபடி கரைப்பக்கம் திரும்பியது. மறுபடி கடல்பக்கம். இட்லிக் கடை அம்மா அடுத்த பதிவில், "உனுக்கு எப்டிக்கா தெரியும், நீ கப்பல்ல வேலை செஞ்சியா?" என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. எழுந்து போய் ரசத்துக்குத் தாளித்துவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தபோது புள்ளி நின்றிருந்தது.

முட்டுக்காட்டுக்கு நேரே, கரையிலிருந்து நன்றாகத் தள்ளி. முதலில் போன் மேல் சந்தேகப்பட்டோம். அணைத்துப் போட்டுப் பார்த்தோம். என் போனிலும் அதே இடம். இட்லிக் கடை அம்மாவும் அதையே சொன்னார். காற்று செத்துப்போயிருக்குமோ என்று நான் பால்கனிக்குப் போனேன். மேல்வீட்டுத் துண்டு படபடத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆவடியில் அடிக்கிற காற்றை வைத்து முட்டுக்காட்டுக் கடலைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அக்கா பயிற்சியாளருக்குப் போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பாய்மரத்தில் கட்டிய போனுக்குச் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மகளின் போனுக்கும் அப்படியே. அத்தான் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, கடலோரக் காவலுக்குச் சொல்லிடலாமா, போலீஸுக்குச் சொல்லிடலாமா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டார். "கவுந்திருந்தா புள்ளி தெரியுமா, தெரியாதா?" என்று அவர் கேட்டபோது, அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அக்கா தெரியாததைத் தாங்க முடியாதவள். மேசையில் வருகிற பாகம் சரி அல்லது தப்பு. இரண்டில் ஒன்று என்று அளந்து சொல்லிப் பழகியவள். அன்று அவள் முன் இருந்தது அளக்க முடியாத ஒரு புள்ளி. விரல்களால் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்க நீலம்தான் அதிகமாயிற்று. "நிக்கிறதுக்கு ஒரு வார்த்தை இருக்கணுமேடா. நங்கூரம் போட்டிருப்பாங்களோ?" என்றாள். அவ்வளவு ஆழத்தில் அந்தச் சின்னப் படகின் நங்கூரக் கயிறு எட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாது என்று தோன்றியதைச் சொல்லவும் இல்லை. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து, கருகிய வாசனை வந்தது. இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.

அந்த நேரத்தில் எங்கள் பத்திரிகையின் கடலோர நிருபர் என்னைக் கூப்பிட்டார். பெற்றோரில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார். "சார், உங்க அக்கா பொண்ணும் அதுல இருக்காமே? டீட்டெயில் குடுங்க, ஆன்லைன்ல முதல்ல நாமளே போட்டுடலாம்." நான் பால்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் தொழில் புத்தி அந்த நேரத்திலும் வேலை செய்ததை மறைக்க முடியாது. தலைப்பு தானாக வந்து மனதில் உட்கார்ந்தது. உள்ளே திரும்பி வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா, தலைப்பு போட்டுட்டியா?"

நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சொல்லு. என்ன போட்ட?"

"'நடுக்கடலில் மாணவிகள் தவிப்பு'ன்னு..."

"தவிக்கிறாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?" வரைபடத்தை விரலால் தட்டிக் காட்டினாள். "படகு நின்னிருக்கு. அவ்வளவுதான் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு மேல ஒரு எழுத்துப் போட்டாலும் ரிஜெக்ட். அவன்கிட்ட அப்படியே சொல்லு." நிருபரிடம் அப்படியே சொன்னேன். படகு நின்றிருக்கிறது, வேறெதுவும் தெரியாது. "அது நியூஸ் இல்லையே சார்" என்று அவர் வைத்துவிட்டார். என் வேலைக் காலம் முழுவதிலும் அவ்வளவு சரியான ஒரு செய்தியை நான் கொடுத்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. இட்லிக் கடை அம்மாவின் அடுத்த பதிவு அழுகையோடு வந்தது. "லைப் ஜாக்கெட்டு போட்டுகினு தானேக்கா இருப்பாங்க? எம்பொண்ணு சொன்ன பேச்சு கேக்காதுக்கா." அக்கா அதற்குப் பதில் பதிவு செய்ய மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் விட்டுவிட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படிப் போயிருக்கும். பிறகு புள்ளி அசைந்தது. அசைந்ததா, எங்கள் கண் பிசகா என்று நாங்கள் தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மகள்.

"அம்மா, எதுக்கும்மா இத்தனை மிஸ்டு கால்? சார் பாத்துட்டு, உங்க வீட்ல என்னமோ ஏதோன்னு பேசச் சொல்லிட்டாரு. என்னாச்சு? அப்பா நல்லாருக்காரா?"

"நாங்க நல்லாருக்கோம். படகு ஏன்டி நின்னுது?"

"சாப்பிட்டோம்."

அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. "என்னது?"

"சாப்பிட்டோம்மா. புளிசாதம். நீதானே ஓடுற வண்டியில சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த? எல்லாரும் டப்பாவைத் திறந்துட்டாங்க, என்னால வாயில வைக்கவே முடியல. சார் ஏன் சாப்பிடலன்னு கேட்டாரு. சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம், சரி, உங்க அம்மாவுக்காக நிறுத்துவோம், ஹீவ்-டு எப்படிப் பண்றதுன்னு இன்னைக்கே கத்துக்குங்கன்னு சொல்லிட்டாரு. ஆளாளுக்கு ஒரு தடவை நிறுத்திப் பழகினோம். அதான் லேட்டு."

பாய் படபடக்கிற சத்தமும் பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டன. அக்கா வாயைத் திறந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கம்மி. பரவால்ல, கடல்ல இருந்து தெறிச்சுது" என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு அக்கா புள்ளி நகர்வதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு குழுவுக்கு ஒரு குரல் பதிவு போட்டாள். "பிள்ளைங்க சாப்பிட நிறுத்தியிருக்காங்க. எல்லாரும் நல்லாருக்காங்க. நீங்களும் சாப்பிடுங்க." இட்லிக் கடை அம்மாவின் பதில் உடனே வந்தது. "அடிப்பாவிங்களா! நடுக்கடல்ல ஓட்டலா தொறந்து வச்சிகீறாங்க? வரட்டும், ஊட்டுக்கு வரட்டும்!" திட்டுக்கு நடுவில் அவர் சிரிப்பது கேட்டது. அத்தானிடம் நான் சொன்னேன். அவர், "எல்லாம் உங்க அக்காவால வந்தது" என்றார். அந்தக் குற்றச்சாட்டில் எந்தப் பிழையும் இல்லை. ரயிலில் என் தொண்டையில் மாட்டிய ஒரு கடலைதான் முட்டுக்காட்டுக்கு நேரே ஒரு படகை நிறுத்தியிருக்கிறது.

கருகிய ரசத்தைக் கொட்டிவிட்டு, மோரும் ஊறுகாயுமாக இருவரும் உட்கார்ந்தோம். அதற்குள் நான் ஹீவ்-டு என்ன என்று தேடிப் படித்துவிட்டிருந்தேன். முன்பாயைக் காற்று வருகிற பக்கம் இழுத்துக் கட்டினால், அது அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளும். டில்லரை லீவார்ட் பக்கம் தள்ளிக் கட்டினால், சுக்கான் அணியத்தைக் காற்றின் பக்கம் திருப்பும். பெரிய பாயைத் தளர்த்திவிட வேண்டும். ஒன்று அந்தப் பக்கம் இழுக்க, இன்னொன்று இந்தப் பக்கம் இழுக்க, படகு எங்கும் போகாமல் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மெல்ல மிதந்துகொண்டிருக்கும். நங்கூரம் வேண்டாம். பாயை இறக்க வேண்டாம். புயலில் களைத்தவர்கள் ஓய்வெடுக்கவும், நல்ல நாளில் சாப்பிடவும் மாலுமிகள் இப்படித்தான் படகை நிறுத்துகிறார்கள். அக்கா தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "காத்து அடிக்கும்போதே, பாயும் விரிச்சிருக்கும்போதே நிக்க முடியும்னா சொல்ற?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் ரிஜெக்ட் என்று சொல்லவில்லை. இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மகள் வெயிலில் கறுத்து, கைகளில் கயிறு அறுத்த தழும்புகளோடு திரும்பி வந்தாள். பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினாள். படகு ஆடும்போது தண்ணீரில் விழுந்துவிடாமல் இருக்க, கைப்பிடியில் கயிறு கட்டி அதன் வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டே சாப்பிட்டாளாம். "டப்பா கடல்ல போயிருந்தா நீ என்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பியா?" என்றாள். அந்த முடிச்சுக்கு போலைன் என்று பெயர். எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகாது, உருவிக்கொண்டும் போகாது. அவிழ்க்க நினைத்தால் மட்டும் அவிழும். அக்கா அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டு இழுத்தாள். முறுக்கினாள். டப்பாவைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு சுற்றுச் சுழற்றினாள். பிறகு மேசைமேல் வைத்தாள். "பாஸ்" என்றாள். வீட்டில் அந்தத் தீர்ப்பை நான் கேட்டது அன்றுதான்.

அக்கா ஓய்வு பெற்று, ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நூம்பலுக்கு வந்துவிட்டாள். வயலாக இருந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடி வீடு. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் வேலப்பன்சாவடி பாலத்தின் லாரிகள், மறுபக்கம் இன்னும் விற்கப்படாத ஒரு துண்டுப் புல்வெளி. இங்கே அவள்தான் மேல்வீடு. கீழ்வீட்டுக்காரர் அவ்வப்போது அவள் துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். மகள் இப்போது கடலோரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில், முதல் முறையாகப் படகில் கால் வைக்கிறவர்களுக்கு அணியம் எது, போர்ட் எது என்று சொல்லிக்கொடுக்கிறாள். டில்லரைத் தப்பான பக்கம் தள்ளுகிற ஸ்கூட்டர்காரர்கள் குறையவே இல்லையாம். கோடையில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தெற்கே படகில் போகிறாள். பாய்மரத்தில் போன் கட்டுகிற வழக்கத்தை அவளும் வைத்திருக்கிறாள்.

இந்தக் கோடையில் அப்படி ஒரு நாள் நூம்பலுக்குப் போயிருந்தேன். அக்கா புளிசாதம் கிளறி, தனக்கு அந்த டிபன் பாக்ஸிலும் எனக்குத் தட்டிலும் வைத்திருந்தாள். வெள்ளைக் கயிறு மேசையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. போன் தண்ணீர்ச் சொம்பில் சாய்ந்து நின்றது. நீலத்தில் புள்ளி கோணலாகக் கடல்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பசி. சோற்றில் கை வைத்தேன்.

"இரு" என்றாள் அக்கா. "ஓடிட்டு இருக்கு."

நான் கையை எடுத்துக்கொண்டேன். புள்ளி கரைப்பக்கம் திரும்பியது, கொஞ்ச தூரம் போனது, மெதுவானது. கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது நின்றது.

"நின்னுட்டாங்க" என்று அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். கயிற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, டப்பாவின் இரண்டு கிளிப்பையும் திறந்தாள். "சாப்பிடுடா."